மலைப்பள்ளியும் வாத்தியார் வீடும்

போடிநாயக்கனூருக்கு மேற்கே, குரங்கணிக்கு மேலே, சென்ட்ரல் ஸ்டேஷன், டாப் ஸ்டேஷன் என்று இரண்டு ஊர்கள் இருக்கின்றன. தேயிலை வைத்த பெயர்கள் அவை. கண்ணன் தேவன் மலையில் விளைந்த தேயிலை 1908 முதல் சிறு ரயிலில் மூணாறிலிருந்து மலை விளிம்புக்கு வந்தது. அங்கிருந்து ரோப்வேயில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடிக்குப் போய்ச் சேர்ந்தது. 1924 ஜூலை வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928இல்தான். தேயிலைப் பெட்டி இறங்க இத்தனை ஏற்பாடு நடந்த சரிவில், மனிதர் ஏற இன்றும் குரங்கணியிலிருந்து நடைபாதைதான். வண்டியில்தான் போவேன் என்றால் போடிமெட்டு ஏறி, கேரளத்துக்குள் நுழைந்து, பூப்பாறை, தேவிகுளம், மூணாறு என்று சுற்றி டாப் ஸ்டேஷனுக்கு வர வேண்டும். கொழுக்குமலைக்கும் சூரியநெல்லி வழியாகத்தான் ஜீப் ஏறுகிறது. தேனி மாவட்டத்து ஊழியர் ஒருவர் தேனி மாவட்டத்து ஊருக்குப் போக, அடுத்த மாநிலத்தைத் தாண்டி வர வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட மலைக்கு வாத்தியார் எப்படி ஏறினார், ஏறியபின் இரவில் எங்கே படுத்தார் என்று கேட்டால்தான் இங்குள்ள கல்வியின் வரலாறு பிடிபடும் என்பது என் கருத்து.

மலைப்பள்ளிகளைப் பற்றிய பேச்சு வழக்கமாக இரண்டு குற்றச்சாட்டுகளில் நின்றுவிடும். ஆசிரியர்களுக்கு அர்ப்பணிப்பு இல்லை என்பது ஒன்று. மலைமக்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்பது மற்றொன்று. இரண்டுமே ஆளின் குணத்தைப் பற்றிய தீர்ப்புகள். வரலாற்றுக்கு அவை போதாது. கலந்தாய்வில் மலை ஊர் ஒன்றை எடுத்துக்கொண்டு பணியாணையோடு வரும் இளம் ஆசிரியரை நினைத்துப் பார்க்கலாம். சமவெளியில் பிறந்து வளர்ந்தவர். அவர் போய்ச் சேரும் முதுவர் பழங்குடி ஊரான முதுவாக்குடியிலோ பளியர் பழங்குடிக் குடியிருப்பிலோ வாடகைக்கு வீடு என்ற ஒன்றே கிடையாது. அவரவர் குடும்பத்துக்கு அளவாகக் கட்டிய சிறு வீடுகள்தான் உண்டு. ஒரு பெண் தனியாக வந்தால் கதவும் தாழ்ப்பாளும் கழிப்பறையும் உள்ள ஓர் அறை கிடைப்பது அதைவிட அரிது. மதுரையிலிருந்து போடி வழியாக மலையேறியவர்கள் என்று தங்கள் வாய்மொழி வரலாற்றில் சொல்லிவரும் முதுவர்கள், மணமாகாத பையன்கள் தங்க இளந்தாரி மடம், பெண்பிள்ளைகள் தங்கக் குமரி மடம் என்று தனித்தனி இடம் வைத்துக்கொண்ட மக்கள். ஊருக்குள் யார் எங்கே தூங்க வேண்டும் என்பதை இவ்வளவு கவனமாக யோசித்த ஒரு சமூகத்துக்குப் பள்ளி அனுப்பிய அரசு, தான் அனுப்பிய ஆள் எங்கே தூங்குவார் என்பதை யோசிக்கவில்லை.

இதற்குச் சட்டங்களே சாட்சி. 1920இல் வந்த சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் பள்ளிகளைப் பெருக்கும் பொறுப்பைக் கல்வி வரி விதிக்கக்கூடிய உள்ளாட்சி அமைப்புகளிடம் விட்டது. வரி கட்டும் நிலமும் கடையும் இல்லாத மலைக்குடிகளுக்கு அந்த ஏற்பாட்டில் பெரிதாக எதுவும் வந்திருக்க முடியாது. காமராசர் முதல்வராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான காலத்தில் ஓராசிரியர் பள்ளிகள் பெருகின. பள்ளியே பார்த்திராத ஊர்களுக்குப் பள்ளி போனது. அந்தச் சாதனையின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் ஓராசிரியர் பள்ளி என்பது, அந்த ஒருவர் வராத நாளில் பள்ளியே இல்லாமல் போகும் ஏற்பாடு. 1987இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டம் இதைப் புரிந்துகொண்டு இரண்டு அறை, இரண்டு ஆசிரியர் என்றது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இன்னும் விரிவாகப் போனது. அதன் அட்டவணையில் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, தலைமையாசிரியர் அறை, ஆண் பெண் இருபாலருக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சமையல் கூடம், விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர் எல்லாம் இருக்கின்றன. ஆசிரியர் குடியிருப்பு மட்டும் இல்லை. யாருக்கும் தோன்றாததால் விடுபட்டது என்றும் சொல்ல முடியாது. பழங்குடிப் பகுதி ஆசிரியர்களுக்குத் தனிப்படியும் தங்குமிடமும் தர வேண்டும் என்று கோத்தாரிக் குழு 1966இலேயே சொல்லியிருந்தது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் கிராமப்புற ஆசிரியருக்குப் பள்ளி வளாகத்திலோ அருகிலோ வீடு அல்லது கூடுதல் வீட்டுப்படி என்கிறது. இடையில் 54 ஆண்டுகள். பரிந்துரையாக இரண்டு முறை எழுதப்பட்ட ஒன்று, கட்டாயமாக்கும் இடத்தில் மட்டும் ஏறவில்லை. மலைப்படி தந்தாயிற்றே என்று அதிகாரிகள் சொல்லலாம். வாடகைக்கு வீடே இல்லாத ஊரில் அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு எந்தக் கூரையின் கீழ் படுப்பது?

மலையில் ஆளைத் தங்கவைக்க அரசுக்குத் தெரியாமல் இல்லை. தேர்தல் வந்தால் தேனி மாவட்டத்து மலைக்கிராமங்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரை முதுகில் ஏறுகின்றன. அலுவலர்கள் கூடவே நடந்து போய், முதல் நாள் இரவே அங்கே தங்கி, மறுநாள் வாக்கெடுப்பு முடித்து இறங்குகிறார்கள். படுக்கை, சாப்பாடு, விளக்கு எல்லாமே திட்டத்தில் அடக்கம். ஓர் இரவுக்குச் செய்ய முடிந்ததை ஒரு கல்வியாண்டுக்குச் செய்ய யாரும் உட்கார்ந்து கணக்குப் போடவில்லை. சத்துணவுக் கூடத்தைப் பாருங்கள். அமைப்பாளரும் சமையலரும் அந்தந்த ஊர்ப்பக்கத்தவராகவே இருப்பதால், அரிசி வந்து சேர்ந்தால் அடுப்பு எரிகிறது. அதே வளாகத்தில் வகுப்பறை பூட்டிக் கிடக்கும் நாட்கள் ஏன் வருகின்றன என்பதற்கு ஆசிரியரின் மனசாட்சியைத் தேடிப் போவதற்கு முன் அவருடைய முகவரியைப் பார்க்கலாம்.

வீடு இருந்தால் மட்டும் பள்ளி உருப்பட்டுவிடுமா என்பது வலுவான மறுப்பு. தேயிலைத் தோட்டங்களின் அனுபவத்தை வைத்து இதைச் சொல்வார்கள். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 6 முதல் 12 வயதுவரையுள்ள தொழிலாளர் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால், முதலாளி கல்வி வசதி தர வேண்டும் என்று விதி செய்ய மாநில அரசுகளுக்கு இடம் கொடுத்தது. இலங்கையில் 1907இலேயே மலையகத் தோட்டத் துரைமார் மேல் இந்தக் கடமை வைக்கப்பட்டது. அங்கே தோட்டத்துக்குள்ளேயே குடியிருந்து கற்பித்த வாத்தியார்கள் பலர். ஆனாலும் 1970களில் அரசு அந்தப் பள்ளிகளைப் பொறுப்பேற்கும்வரை மலையகத் தமிழ்ப் பிள்ளைகளின் படிப்பு பெரும்பாலும் எழுத்துக்கூட்டுவதைத் தாண்டவில்லை. பிள்ளை படித்துவிட்டால் கொழுந்து பறிக்க ஆள் குறையும் என்ற கணக்கு தோட்ட நிர்வாகத்துக்கு இருந்தது. வாத்தியாரும் துரையின் சம்பளத்தில், துரையின் கூரையின் கீழ் இருந்தவர். ஆகவே இந்த மறுப்பை நான் பாதி ஏற்கிறேன். வீடு யாருடையது, சம்பளம் யாருடையது என்பதும் முக்கியம். என்றாலும் அந்த மோசமான ஏற்பாட்டிலும் வாத்தியார் தொழிலாளர் வரிசை வீடான லயத்துப் பிள்ளைகளை அந்தியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பார்த்தவர். எவன் காய்ச்சலில் கிடக்கிறான், எவள் தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டாள் என்பது அவருக்குத் தெரியும். மாலை ஜீப்பில் இறங்கிவிடும் ஆசிரியருக்குத் தெரியாதது அதுதான்.

உலகின் வேறொரு மூலையில் இதே கேள்வி தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. அலாஸ்காவில் கஸ்கோக்விம் ஆற்றங்கரையில் யூபிக் மக்களின் ஊர்களுக்கு இன்றும் விமானமோ படகோதான் வழி. ஆறு உறைந்தால் பனிவண்டி. 1885இல் அங்கே பெத்தேல் என்ற இடத்தில் மொராவியன் சபை ஊழியம் தொடங்கிய காலத்திலிருந்தே, போனவர் அங்கேயே குடியிருந்தால்தான் வேலை நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தினமும் வந்து திரும்புவது என்ற பேச்சுக்கே இடமில்லாததால், பின்னால் வந்த அரசுப் பள்ளிகளோடு ஆசிரியர் வீடும் சேர்ந்தே வந்தது. ஆனால் உயர்நிலைப் படிப்புக்குப் பிள்ளைகளை வெகுதூரத்து விடுதிகளுக்கு அனுப்பினார்கள். எம்மோனக் என்ற ஊரைச் சேர்ந்த மாலி ஹூட்ச் என்ற யூபிக் சிறுமியின் பெயரால் 1972இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. 1976இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் உயர்நிலைப் பள்ளி நடத்த அரசு ஒப்புக்கொண்டது. வெளியிலிருந்து வரும் ஆசிரியர்கள் ஓரிரு ஆண்டில் கிளம்பிவிடும் சிக்கல் அங்கே இன்னும் தீரவில்லை. வீட்டுப் பற்றாக்குறை அதற்கு ஒரு காரணமாக அங்கே வெளிப்படையாகப் பேசப்படுகிறது. நம் ஊரில் அது பேச்சிலேயே இல்லை.

இனி சாலை வந்துவிட்டதே, ஜீப் ஓடுகிறதே என்ற மறுப்பு. குரங்கணிவரை பேருந்து போவது உண்மை. அதற்கு மேலே கதை வேறு. போடியில் விடியுமுன் கிளம்பும் ஜீப்கள் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகின்றன, பிற்பகலில் இறங்குகின்றன. அவை ஓடுவது தோட்டத்து நேரத்துக்கு. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் மண் சரியும், ஓடை பெருகும். அந்த நாட்களில் பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகை பதிய ஆசிரியர் துடிப்பதைவிட, பள்ளிக்குப் பக்கத்தில் ஓர் அறை இருப்பது பிள்ளைக்கு அதிகம் உதவும். இன்னொன்றும் உண்டு. ஏலக்காய் எடுப்பு ஆடி, ஆவணியில் தொடங்கித் தை வரை நீளும். ஒரு செடியில் ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை காய் எடுப்பார்கள். அந்த எடுப்புகளின்போது குடும்பத்தோடு பிள்ளைகளும் இடம் மாறுவார்கள். பள்ளியின் நாட்காட்டி ஜூனில் தொடங்கி அதன் போக்கில் போகும். ஊரிலேயே இருக்கும் ஆசிரியருக்கு எந்த வாரம் எந்தப் பிள்ளை போகும், எப்போது திரும்பும் என்பது முன்கூட்டியே தெரியும். அதற்கேற்ப அவரால் பாடத்தை மாற்றிக்கொள்ள முடியும். வந்து போகிறவருக்கு அது வருகைப் பதிவேட்டில் விழும் ஒரு காலி இடம்.

பிள்ளைகளைக் கீழே விடுதியில் சேர்த்துவிடலாமே என்பது அடுத்த மறுப்பு. கல்வராயன், ஜவ்வாது மலைகளில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் பலரைப் பட்டம்வரை கொண்டுவந்திருக்கின்றன. மேல்வகுப்புக்கு விடுதி தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது பொருந்தாது. வீட்டையும் காட்டையும் விட்டுப் பிரிந்த அந்த வயதுப் பிள்ளை பள்ளியைத் தண்டனையாகத்தான் அறியும், முதல் விடுமுறையில் மலையேறினால் திரும்பி வராது. மூணாறுக்கு அப்பால் முதுவர்கள் வாழும் இடமலைக்குடி, 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியானது. அத்தகைய குடிகளில் ஓராசிரியர் கற்றல் மையங்கள் பல ஆண்டுகள் நடந்தன. சம்பளம் சொற்பம், கட்டடம் அரைகுறை. ஆனால் கற்பித்தவர் குடியிலேயே இருந்தார் அல்லது குடியைச் சேர்ந்தவராக இருந்தார். 2022இல் கேரள அரசு அந்த மையங்களை மூடி, பிள்ளைகளை வழக்கமான பள்ளிகளுக்கு மாற்ற முடிவெடுத்தது. மாற்றம் என்று கோப்பில் எழுதுவது எளிது; காட்டுவழியில் சின்னக் கால்கள் நடக்க வேண்டும்.

மிஞ்சுவது எல்லாவற்றிலும் நியாயமான மறுப்பு: வெளியாளுக்கு வீடு கட்டுவதைவிட முதுவரிலும் பளியரிலும் ஒருவரை ஆசிரியராக்கலாமே. 1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை பழங்குடி இளைஞர்களை அவர்கள் பகுதியிலேயே ஆசிரியராக்கப் பயிற்சி தர வேண்டும் என்று சொன்னது. யூபிக் ஊர்களிலும் 1970இல் தாய்மொழி வகுப்புகள் தொடங்கியபின் உள்ளூர் ஆசிரியர்கள் உருவானார்கள். நானும் இதைத்தான் விரும்புகிறேன். ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். முதுவாக்குடிப் பெண் ஒருத்தி ஆசிரியராக வேண்டுமானால் ஐந்தாம் வகுப்பை ஊரிலோ பக்கத்திலோ முடிக்க வேண்டும், போடிக்கு இறங்கி மேல்நிலை தேற வேண்டும், பிறகு ஆசிரியர் பயிற்சி, தகுதித் தேர்வு. முதல் வகுப்பிலிருந்து எண்ணினால் பதினான்கு ஆண்டுகளுக்குக் குறையாது. இத்தனையும் அவள் தாண்ட வேண்டுமானால், முதல் ஐந்து ஆண்டு அவளுக்கு எழுத்தும் கணக்கும் பழக்க ஒருவர் இடைவெளியில்லாமல் அங்கே இருந்தாக வேண்டும். அந்த ஒருவர் இன்றைக்கு வெளியிலிருந்துதான் வர முடியும். அவருக்குத் தேவையானவை இரண்டு அறை, ஒரு கழிப்பறை, சூரிய மின்விளக்கு, மழைக்கு ஒழுகாத கூரை.