சேவை நாய்கள்: அமெரிக்க அனுமதி விதிகள்

உடல் அல்லது மனக் குறைபாடு உள்ள ஒருவருக்காகக் குறிப்பிட்ட வேலையைச் செய்யப் பழக்கப்பட்ட நாயே சேவை நாய். பார்வையற்றவருக்கு வழிகாட்டுவது, காது கேளாதவருக்கு அழைப்பு மணியை உணர்த்துவது, சர்க்கரை இறங்குவதை மோப்பத்தால் அறிந்து எச்சரிப்பது போன்றவை அதன் வேலைகள். அருகில் இருப்பதாலேயே மனத்துக்குத் தெம்பு தரும் பிராணி உணர்வுத் துணை விலங்கு எனப்படும். அதன்மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும் அமெரிக்கச் சட்டம் பார்ப்பது பயிற்சியைத்தான்.

சுவிட்சர்லாந்தில் பயிற்றப்பட்ட பட்டி என்னும் ஜெர்மன் ஷெப்பர்டுடன் 1928இல் மாரிஸ் ஃபிராங்க் அமெரிக்கா திரும்பியதிலிருந்து அங்கே வழிகாட்டி நாய்களின் வரலாறு தொடங்குகிறது. மறு ஆண்டே 'தி சீயிங் ஐ' பயிற்சிப் பள்ளி உருவானது.

கடை, உணவகம், மருத்துவமனை போன்ற பொது இடங்களுக்கு 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொருந்தும். 2011 முதல் அதன்படி நாய் மட்டுமே சேவை விலங்கு. குட்டை இனக் குதிரைக்குத் தனி விதி உண்டு. நாயின் வேலை பார்த்தாலே புரியாதபோது, உணவக வாசலில் நிற்கும் பணியாளர் இரண்டே கேள்விகள் கேட்கலாம்: உடற்குறை அல்லது மனக்குறை காரணமாகத் தேவைப்படும் சேவை நாயா இது? என்ன வேலைக்குப் பழக்கியிருக்கிறீர்கள்? என்ன நோய் என்று கேட்கக் கூடாது. சான்றிதழ் காட்டச் சொல்லக் கூடாது. “எங்கே, செய்யச் சொல்லுங்கள் பார்ப்போம்” என்பதும் கூடாது. பக்கத்து மேசைக்காரருக்கு நாய் என்றால் பயம் என்பதும் காரணமாகாது. ஆனால் நாய் அடங்காமல் திரிந்தாலோ, உள்ளேயே அசுத்தம் செய்தாலோ வெளியேற்றலாம். அரசின் அதிகாரபூர்வப் பதிவேடு எதுவும் கிடையாது. இணையத்தில் காசுக்குக் கிடைக்கும் 'பதிவுச் சான்றிதழ்' வெறும் காகிதம்.

விமானத்தில் கதை வேறு. அதை ஆள்வது 1986ஆம் ஆண்டின் விமானப் பயண அணுகல் சட்டம். முன்பு மனநல மருத்துவரின் கடிதத்தோடு துணை விலங்குகளும் கட்டணமின்றிப் பறந்தன. அந்தச் சலுகை எவ்வளவு நீண்டது என்பதற்கு, 2018இல் நியூவார்க் விமான நிலையத்தில் அனுமதி மறுக்கப்பட்ட மயில் ஒன்றே போதும். 2021 ஜனவரி 11 முதல் நடப்பிலுள்ள விதி துணை விலங்கைச் செல்லப்பிராணியாக நடத்த விமான நிறுவனங்களுக்கு இடம் கொடுத்தது. சேவை நாய்க்கும் உடல்நலம், நடத்தை, பயிற்சி பற்றிய அரசுப் படிவத்தை நிறுவனம் கேட்கலாம். எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும் பயணமென்றால், நாய் இயற்கை உபாதையை அடக்கும் அல்லது சுகாதாரக் கேடின்றிக் கழிக்கும் என்ற உறுதிமொழியும் உண்டு. ஒருவர் இரண்டு நாய்கள் வரை கொண்டு செல்லலாம். அவை அவருடைய கால் வைக்கும் இடத்திலோ மடியிலோ அடங்க வேண்டும். இனத்தைக் காட்டி மறுக்க முடியாது.

வாடகை வீட்டில் மட்டும் துணை விலங்குக்குச் சற்று இடம் இருக்கிறது: நாய், பூனை கூடாது என்னும் குடியிருப்பிலும், நியாயமான வீட்டுவசதிச் சட்டத்தின்கீழ் விதிவிலக்குக் கேட்கலாம்.

வெளிநாட்டிலிருந்து வரும் நாய்களுக்கு 2024 ஆகஸ்டு முதல் விதி இறுகியது. குறைந்தது ஆறு மாத வயது, மைக்ரோசிப், இறக்குமதிப் படிவம் ஆகிய மூன்றிலும் சேவை நாய்க்கு விலக்கில்லை. இந்தியாவும் இலங்கையும் வெறிநோய் அபாயம் மிகுந்த நாடுகளின் பட்டியலில் இருப்பதால், சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ செல்லும் நாய்க்குத் தடுப்பூசிச் சான்றும் வேண்டும்.