தரகர் யாருடைய ஆள்?

1994-இல் என் மாமனாரின் ஸ்ரீரங்கத்து வீட்டை விற்றோம். பத்திரம் பதிவான அன்று சாயங்காலம் வாசலில் இரண்டு புரோக்கர்கள் வந்து நின்றார்கள். ஒருவர் வாங்கியவரை முதலில் அழைத்து வந்து வீட்டைக் காட்டியவர். இன்னொருவர் விலை பேசி முடித்தவர். இருவரும் முழுக் கமிஷன் கேட்டார்கள். எழுத்தில் ஒன்றுமில்லை, மாமனார் இருவரிடமும் வாய்வார்த்தையாகச் சொல்லி வைத்திருந்தார், அவ்வளவுதான். கடைசியில் இருவருக்கும் கொடுத்தோம். அதில் வந்த மனக்கசப்பில் மாமனாரும் மைத்துனரும் ஆறு மாதம் பேசிக்கொள்ளவில்லை.

தரகு நமக்குப் புதிதல்ல. மணப்பாறை மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். இரு பக்கத்து விலையும் தெரிந்தவர் தரகர் ஒருவர்தான். நான் படித்த புதுவையில், பிரெஞ்சுக் கம்பெனிக்கு இடையில் நின்றவர்களைத் துபாஷி என்றார்கள். இரு மொழி பேசுபவர் என்று பொருள். 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, துய்ப்ளேக்ஸின் துபாஷி. ஊர் வியாபாரிகள் அவர் வழியாகப் போனாலும், அவர் கம்பெனியின் ஆள் என்பது எல்லோருக்கும் தெரியும். நம் வீட்டு புரோக்கரோ இரு பக்கமும் கமிஷன் வாங்குகிறார். அப்படியானால் அவர் யாருடைய ஆள்?

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் ஏஜென்ட்டின் கடமைகளைச் சொல்கிறது. நமக்குத் தெரியாமல் தனக்கே லாபம் பார்த்தால் அந்த லாபத்தை நாம் கேட்கலாம். ஆனால் வாய்வார்த்தையாக ஏஜென்ட் வைப்பதையும் அதே சட்டம் ஒப்புக்கொள்கிறது. அங்கேதான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி ஏஜென்ட்டுகள் பதிவு செய்ய வேண்டும். ஆனால் அது பதிவு பெற்ற புதிய திட்டங்களில் விற்பவர்களுக்குத்தான். நம் தெருவில் ஒரு பழைய வீட்டை விற்பவருக்கு அதனால் பாதுகாப்பு இல்லை.

என்னோடு படித்த ஒருவன் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று அங்கேயே குடியேறிவிட்டான். அவன் வீடு விற்ற கதையைக் கேட்டபோதுதான் அங்குள்ள வழக்கம் புரிந்தது. 1970 ஜனவரி 2-ஆம் தேதிச் சட்டப்படி, எழுத்தில் அதிகாரம் தராத ஏஜென்ட் அங்கே கமிஷன் கேட்கவே முடியாது. அந்தக் காகிதத்துக்கு 'மாந்தா' என்று பெயர். பலரிடம் கொடுப்பது ஒரு வகை, ஒருவரிடம் மட்டும் கொடுப்பது இன்னொரு வகை. ஒருவரிடம் மட்டும் கொடுத்தாலும், மூன்று மாதம் கழிந்தபின் பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்து விலகிக்கொள்ளலாம்.

இப்போது பிள்ளைகள் எங்களைச் சென்னைக்குக் கூப்பிடுகிறார்கள். இந்த வீட்டையும் விற்க வேண்டும். பலரிடம் சொன்னால் யாரும் அக்கறையாக அலைவதில்லை, 1994-ஐப் போலச் சண்டையும் வரும். ஒருவரிடம் மட்டும் கொடுத்து அவர் தூங்கிவிட்டால் நாம்தான் காத்திருக்க வேண்டும். மூன்றாவதாக, "பவர் கொடுத்துவிடுங்கள், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பவரும் உண்டு. அந்தக் காகிதம் வீட்டையே அவர் கையில் கொடுப்பது. வெறும் பவர் பத்திரத்தால் சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகச் சொன்னது. ஆனால் பவர் வாங்கியவர் நம் பெயரில் கிரயம் செய்துகொடுக்க முடியும்.

நான் ஒருவரையே தேர்ந்தெடுத்தேன். ஒரு பக்கத் தாள்தான்: மூன்று மாதம், இத்தனை சதவீதம், கிரயம் பதிவான பிறகே கமிஷன், வாங்குபவரிடமும் வாங்கினால் எனக்குச் சொல்ல வேண்டும், நானாக ஆள் பிடித்தால் கமிஷன் கிடையாது, பவர் கிடையாது. அடிமனை யாருடையது என்ற கேள்வி பல தெருக்களில் இருக்கும் ஊர் இது. ஆகவே பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் நானே முன்னதாக எடுத்து வைத்தேன்.

தாளைப் படித்துவிட்டு புரோக்கர், "என் மேல் நம்பிக்கை இல்லையா, சார்?" என்று கேட்டார். "நம்பிக்கை இருப்பதால்தான் உங்களிடம் மட்டும் கொடுக்கிறேன்" என்றேன். கையெழுத்துப் போட்டார். மாமனார் இருந்திருந்தால் இதைப் பார்த்துச் சிரித்திருப்பார், மைத்துனர் சிரித்திருக்கமாட்டார்.