ஏலக்காய் ஏலத்தில் வழங்கியின் இடம்: போடிநாயக்கனூர், 2007–2021

போடிநாயக்கனூர் ஏலக்காய்ச் சந்தையில் விலை நெடுங்காலம் வாய்மொழியாகக் கூவப்பட்டே முடிவாயிற்று. 2007இல் நறுமணப் பொருட்கள் வாரியம் மின்னணு ஏலத்தைப் புகுத்தியதும் குரலின் இடத்தைக் கணினி பெற்றது. அதனாலேயே சந்தை இடம் கடந்துவிட்டதாகக் கருதுவது பொருந்தாது. வணிகர் முன்போலவே ஒரே கூடத்தில் கூடினர். மாதிரியைக் கையிலெடுத்து, காயின் நிறத்தையும் பருமனையும் நோக்கியே விலை கேட்டனர். வழங்கியும் முனையங்களும் அக்கூடத்தையே சார்ந்திருந்தன. 2020 பொதுமுடக்கம் இவ்வமைப்பின் குறையை வெளிப்படுத்தியது: மார்ச்சில் ஏலம் நின்றது, விளைவித்தோரின் சரக்கு தேங்கியது, மாநில எல்லைக் கட்டுப்பாட்டால் போடி வணிகர் கேரளத்துப் புற்றடி ஏலக்கூடத்தை அடைவதும் அரிதாயிற்று. 2021இல் வந்த மேகக்கணினி ஏலம் இவ்விரு கூடங்களையும் ஒன்றாக இணைத்தது. மலைப்பாதையில் ஏறாமலே புற்றடிச் சரக்குக்கு விலை கேட்க வழி பிறந்தது. ஆயினும், கேட்கப்படும் காயின் மாதிரி இரு கூடங்களிலும் இருந்தாக வேண்டும்; அதனை வலையமைப்பில் அனுப்ப இயலாது.