கல்லூரி நிழலில் முதுமை

ஞாயிறு திருப்பலி முடிந்தபின் ஒரு கணவனும் மனைவியும் நம் இல்லத்திற்கு வந்தனர். கணவர் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த ஓய்வூதியத் தொகையைக் கொண்டு பாளையங்கோட்டையில் மனை வாங்கி, வீடு கட்டிக் குடியேற எண்ணம். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அவர் பட்டப்படிப்பு முடித்தது அவ்வூரில்தான். "நல்ல கல்லூரிகள், பெரிய ஆஸ்பத்திரி, பக்கத்திலேயே ஆறு. வயசான காலத்தில் வேறென்ன வேண்டும், சாமி?" என்றார். அம்மையார் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "இவுக படிச்ச ஊரு, சாமி. எனக்கு அங்க யாரைத் தெரியும்?" என்றார்.

அன்று நாம் சொன்ன மறுமொழி அவர்களுக்கும் நிறைவு தரவில்லை, நமக்கும் தரவில்லை. அவர்கள் சென்றபின் வினா மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. கல்லூரிகளால் பெயர்பெற்ற ஓர் ஊர் முதுமைக்கு ஏற்ற இடம்தானா? கற்றோர் பலர் இவ்வினாவை நமக்கு முன்பே தம் வாழ்வில் எதிர்கொண்டிருக்கின்றனர். பாளையங்கோட்டையைத் 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என அழைப்பது நெடுநாள் வழக்கம். ஆதலின் அந்த ஆக்ஸ்போர்டையே முதலில் கேட்டுப் பார்ப்போம்.

ஆக்ஸ்போர்டின் சுவர்

ஜான் ஹென்றி நியூமன் தம் 16ஆம் வயதில், 1817இல், ஆக்ஸ்போர்டின் திரித்துவக் கல்லூரியில் தங்கிப் படிக்க வந்தார். 1822இல் ஓரியல் கல்லூரியின் ஆய்வுறுப்பினரானார். அக்காலத்தில் இப்பதவி பெற்றவர், மணம் செய்துகொள்ளாதவரை, பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் அதில் நீடிக்கலாம். உணவு, உறைவிடம், நூலகம், நண்பர் குழாம் அனைத்தும் கல்லூரியே தரும். முதுமைக்கு இதனினும் சிறந்த ஏற்பாடு உண்டோ என்றே எவரும் கேட்பர். திரித்துவக் கல்லூரியில் தம் அறைக்கு எதிரே இருந்த சுவரில் பூத்து நின்ற ஒரு சிறு செடியை, தாம் சாகும்வரை அப்பல்கலைக்கழகத்திலேயே வாழப்போவதன் அடையாளமாகக் கருதி வந்ததாக, 1864இல் வெளியிட்ட தம் வரலாற்று நூலில் அவர் எழுதுகிறார்.

நடந்தது வேறு. 1845 அக்டோபரில் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். ஆங்கிலிக்கன் சமய உறுதிமொழியைக் கேட்ட அன்றைய ஆக்ஸ்போர்டில் அவருக்கு இடமில்லை; அவ்வுறுதிமொழிகளைப் பெருமளவில் நீக்கிய சட்டம் 1871இல்தான் வந்தது. 1846 பிப்ரவரியில் அவர் நகரைவிட்டு வெளியேறினார். அதன்பின் 32 ஆண்டுகள், இருப்புப் பாதையில் செல்லும்போது தொலைவில் தெரிந்த கோபுரங்களே அவர் கண்ட ஆக்ஸ்போர்டு. திரித்துவக் கல்லூரி அவரை மதிப்புறு உறுப்பினராகத் தேர்ந்தபின், 1878இல், ஒரு விருந்தினராகவே அவர் திரும்பி வந்தார்.

அவரது முதுமை கழிந்த இடம் பர்மிங்காம் என்னும் ஆலை நகரம். அங்கே ஏழைத் தொழிலாளரும் ஐரிஷ் மக்களும் அவருடைய பங்கு மக்கள். டப்ளின் பல்கலைக்கழகப் பணி அவரை இடையில் சில ஆண்டுகள் அழைத்துக்கொண்டதேயன்றி, 1890இல் இறக்கும்வரை அவ்வூரே அவருக்கு வீடு. அவர் உடல் அடக்கத்திற்குச் சென்றபோது பர்மிங்காம் மக்கள் தெருவோரங்களில் திரண்டு நின்றனர்.

ஆக்ஸ்போர்டின் வரலாற்றில் வேறொரு பாடமும் உண்டு. 1355 பிப்ரவரி 10ஆம் நாள், ஒரு மதுக்கடையில் மாணவர் சிலர் மது தரமற்றதென்று தொடங்கிய சச்சரவு, நகரத்தார்க்கும் கல்விக்கழகத்தார்க்கும் இடையே பெருங்கலவரமாய் மூண்டது. கல்விக்கழகத்தார் பக்கம் மாண்டோர் 63 பேர் என்பது மரபுவழிக் கணக்கு. இதற்குக் கழுவாயாக நகரத் தலைவர் ஆண்டுதோறும் ஆலயம் சென்று தண்டம் செலுத்தும் வழக்கம் 1825 வரை நீடித்தது. இரு சாராரும் முறைப்படி ஒப்புரவானது 1955இல், 600 ஆண்டுகள் கழித்து. கல்லூரியும் ஊரும் ஒரே மண்ணில் நின்றாலும் ஒன்றல்ல. கல்லூரியை நினைந்து குடியேறும் முதியவர் வாழப்போவதோ ஊரில். இதை மனை வாங்குமுன் உணர்தல் நலம்.

திரும்பியவரும் திரும்ப இயலாதவரும்

நியூமனைப் போலன்றி, கல்வி நகருக்கே திரும்பி வந்து நிறைவாய் வாழ்ந்தவரும் உளர். புனித பெரிய ஆல்பர்ட் 1248இல் கொலோன் நகரில் தொமினிக்கன் சபையின் உயர்கல்விக் கூடத்தை நிறுவியவர். புனித தோமாஸ் அக்குவினாஸ் அங்கு அவரிடம் பயின்றார். 1260இல் ரேகன்ஸ்பர்க் மறைமாவட்டத்தின் ஆயராக்கப்பட்ட ஆல்பர்ட், இரண்டே ஆண்டுகளில் அப்பொறுப்பினின்று விடுபட்டார். பல ஊர்களில் பணியாற்றியபின், எழுபது வயதை ஒட்டிக் கொலோனுக்குத் திரும்பி, 1280இல் அங்கேயே இறந்தார். ஏட்டுடன் மட்டும் அவர் அங்கு வாழவில்லை. பேராயருக்கும் நகர மக்களுக்கும் நெடுநாளாய் இருந்த பிணக்கில் நடுவராய் நின்றவர் அவர். கல்விக்கூடம் அவரை ஆசிரியராய் அறிந்தது. கடைத்தெரு அவரைச் சமாதானம் செய்பவராய் அறிந்தது. அவர் முதுமைக்கு அவ்வூர் பொருந்தியதன் காரணம் இதுவே என நாம் கருதுகிறோம்.

பாரிஸ் பல்கலைக்கழகத்தின் வேந்தராய் 1395இல் அமர்ந்த ஜான் ஜெர்சனின் நிலை மாறானது. 1407இல் நிகழ்ந்த ஓர் அரசியல் கொலையை நியாயப்படுத்திய கொள்கையை அவர் வன்மையாகக் கண்டித்தார். அதனால் கொலைக்குப் பொறுப்பான பர்கண்டிக் கோமகனின் பகைக்கு ஆளானார். கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம் 1418இல் முடிந்தபோது பாரிஸ் அக்கோமகன் கட்சியினரின் கையில் இருந்தது. வேந்தருக்குத் தம் பல்கலைக்கழகத்திற்குத் திரும்ப வழியில்லை. இறுதி ஆண்டுகளை லியோன் நகரில், துறவியான தம் சகோதரரின் அருகே கழித்து, 1429இல் இறந்தார். ஐரோப்பாவின் பேரறிஞர்க்குத் தலைமை தாங்கியவர் அங்கே சிறுவர்க்கு மறைக்கல்வி போதித்தார் என்பது மரபு. பட்டங்கள் வழங்கிய கை, குழந்தைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித் தந்தது. அதைத் தாழ்வு என்று யாரே துணிந்து சொல்வர்?

மூவரையும் ஒருங்கே நோக்கின் ஓர் உண்மை புலப்படுகிறது. ஒரு கல்வி நகரில் ஒருவர்க்குள்ள இடம், பெரும்பாலும் அவர் வகிக்கும் பணியைப் பற்றியது. பணி நீங்கினால் அவ்விடமும் நீங்கும். அதன்பின் அவரைத் தாங்குவது அவர் ஊராரோடு கொண்ட உறவே.

நம் ஆக்ஸ்போர்டு

இனிப் பாளையங்கோட்டைக்கு வருவோம். கோட்டை இருந்தமையால் பெயர்பெற்ற அவ்வூர், கல்விக்கூடங்களால் புதிய பெயர் பெற்றது. தூய யோவான் கல்லூரி 1878இலும், பெண்களுக்கான சாராள் தக்கர் கல்லூரி 1895இலும், இயேசு சபையாரின் தூய சவேரியார் கல்லூரி 1923இலும் தோன்றின. செவித்திறன் குறைந்தோர்க்கான பள்ளி 1897 முதல் அங்கு நடைபெறுகிறது. 1965இல் மருத்துவக் கல்லூரி வந்தது. 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் சற்றுத் தொலைவில் அபிஷேகப்பட்டியில் அமைந்தது. 1994 முதல் பாளையங்கோட்டை திருநெல்வேலி மாநகராட்சியின் ஒரு பகுதி. பெருமாள்புரம், மகாராஜநகர் போன்ற குடியிருப்புகளில் ஓய்வுபெற்ற ஆசிரியரும் அலுவலரும் பலர் வாழ்கின்றனர். ஆகவே நம் நண்பர் சொன்ன நன்மைகளில் பொய்யில்லை. மருத்துவமனை அருகிருப்பது முதுமையில் சிறு காரியமன்று. சொற்பொழிவுக்கும் நூலுக்கும் பஞ்சமில்லாத ஊரில் அறிவு துருப்பிடிப்பதும் அரிது.

ஆயினும் கல்லூரி நகருக்கு இரு முகங்கள் உண்டு. சூன் மாதத்தில் ஊர் இளமை கொண்டு எழும். பேருந்துகளில் நிற்க இடமிராது. மாடி அறைகளெல்லாம் வாடகைக்குப் போகும். மே மாதத்திலோ விடுதிகள் பூட்டப்பட்டு, தெருக்கள் வெறிச்சோடும். ஆண்டுதோறும் மாணவர்க்கு அதே பதினெட்டு வயது. அவர்களைப் பார்த்து நிற்பவர்க்கு மட்டும் ஆண்டுக்கொரு வயது கூடுகிறது. இளமை நிறைந்த தெருவில் முதியவரின் தனிமை சிலவேளை இரட்டிப்பாகும்.

முன்னொரு காலத்தில் நாம் பணியாற்றிய பங்கு ஒன்றும் கல்லூரியைச் சார்ந்ததே. அங்கே ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், தாம் கற்பித்த கல்லூரியின் வாயிலுக்கு எதிரிலேயே வீடு வாங்கி வாழ்ந்தார். மாலைதோறும் நூலகம் செல்வார். பழைய மாணவர் எவரேனும் வணங்கினால் அன்றிரவு அவருக்கு நல்ல உறக்கம். அவர் இறந்தது ஒரு மே மாதத்தில். கல்லூரி மூடியிருந்தது, உடன் பணியாற்றியோர் தத்தம் சொந்த ஊர்களில் இருந்தனர். பெட்டியைத் தூக்கியவர்கள் தெருமுனையில் துணி தேய்ப்பவர், பால்காரர், அன்பியத்தைச் சேர்ந்த நால்வர். குறை யார் மீதும் இல்லை. அது விடுமுறைக் காலம். ஆனால் அன்று கல்லறையில் நின்றபோது, அந்த அறுவரோடும் அவர் தம் வாழ்நாளில் எத்தனை முறை அமர்ந்து பேசியிருப்பார் என்று எண்ணிப் பார்த்தோம். விடை நம்மை வருத்தியது.

அம்மையாரின் வினா

எனவே, "எனக்கு அங்க யாரைத் தெரியும்?" என்ற அம்மையாரின் வினாவே சரியான வினா. கணவர் தேடியது ஊரையன்று. தம் இருபதாம் வயதை. அந்த வயது எந்த மனையிலும் விற்பனைக்கு இல்லை. அவருக்கு நினைவுகள் துணை நிற்கும். அவருக்குப்பின் அவ்வீட்டில் தனித்து வாழ நேரின், அம்மையார்க்கு எந்த நினைவு துணை நிற்கும்?

அடுத்த முறை அவர்கள் வந்தபோது இதைச் சொன்னோம். போகவேண்டாம் என்று தடுக்கவில்லை. முதலில் வாடகை வீட்டில் ஓராண்டு இருந்து பாருங்கள். சூன் மாதத்தையும் மே மாதத்தையும் பாருங்கள். கல்லூரி வாயிலுக்குப் போகுமுன் அண்டை வீட்டு வாயிலுக்குப் போங்கள். நள்ளிரவில் கதவைத் தட்டக்கூடிய வீடு இரண்டேனும் கிடைத்தபின் மனை பாருங்கள் என்றோம். கணவர் முகம் சிறிது வாடியது. அம்மையார் முதன்முறையாகச் சிரித்தார்.

இதை எழுதும் நமக்கும் அந்த நாள் வரும். 75 வயது நிறைந்த பங்குத்தந்தை பொறுப்பு விலகலைத் தம் ஆயரிடம் அளிக்குமாறு திருச்சபைச் சட்டத்தின் 538ஆம் விதி கேட்டுக்கொள்கிறது. ஆண்டுகள் இன்னும் இருக்கின்றன எனினும், நாம் பயின்ற குருமடத்தின் அருகே ஓர் அறை கிடைத்தால் போதும் என்னும் ஆசை நமக்கும் இருந்ததுண்டு. இப்போது அந்த ஆசையைச் சற்று ஐயத்தோடு பார்க்கிறோம்.

அவ்விருவரும் பெருமாள்புரத்தில் ஒரு வாடகை வீட்டில் இருக்கின்றனர். மனை வாங்குவதா வேண்டாமா என்பதை ஓராண்டு முடிவில் அம்மையாரே சொல்லவேண்டும் என்பது அவர்களுக்குள் ஏற்பாடு.