ஊக்கும் உத்தரவும்: கடல் கடந்த புடவைக்குச் சொல்லப்பட்ட யோசனைகள்

(பிளசன்டனில் நிகழ்த்தப்பட்டு இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)

அரங்கில் இருப்பவர்களுக்கும், நியூ ஜெர்சியிலும் டெக்ஸஸிலும் இரவு நேரத்தில் விழித்திருந்து நேரலையில் பார்ப்பவர்களுக்கும் நன்றி. தலைப்பைக் கேட்ட நண்பர் ஒருவர், "இலக்கியக் கூட்டத்தில் புடவைக் கடை விளம்பரமா?" என்றார். விளம்பரமும் வரும். ஆனால் அது 19-ஆம் நூற்றாண்டு விளம்பரம்.

உயரம் குறைவானவர்கள் பெரிய பார்டர் கட்டாதீர்கள், மாநிறத்துக்கு இந்த வண்ணம் எடுக்கும், அலுவலகத்துக்குப் பட்டு வேண்டாம் என்றெல்லாம் பெண்கள் பத்திரிகைகளில் படித்திருப்போம். சாதுவான யோசனைகள்தான். ஆனால் இவற்றின் முப்பாட்டன் பாட்டிகள் அத்தனை சாதுவானவர்கள் இல்லை. திவான், ராணி, பாதிரியாரின் மனைவி, கணவன், தேசத் தலைவர் என்று பலரும் பெண்ணுக்கு உடை யோசனை சொல்லியிருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி உத்தரவு. அந்தப் பெண்கள் அதை அப்படியே கேட்கவும் இல்லை, முழுக்கத் தள்ளவும் இல்லை. உடம்புக்கு உதவுவதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டார்கள். இன்று நாம் மரபு என்று சொல்லும் புடவை அப்படிப் பொறுக்கி எடுத்துச் சேர்த்ததுதான். இதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் நாகர்கோவில் பக்கம் போவோம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. சாணார் என்று அழைக்கப்பட்ட, இன்று நாடார் என்று அறியப்படும் சமூகத்துப் பெண்கள் தோளுக்கு மேல் துணி போடக் கூடாது. மேல்சாதியார் எதிரே வந்தால் மார்பு திறந்திருப்பதுதான் மரியாதை என்பது அங்கே நடைமுறை. லண்டன் மிஷன் வந்து, மதம் மாறியவர்கள் பெருகியபின், 1814 வாக்கில் கர்னல் மன்றோவின் உத்தரவு வந்தது: கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணியலாம். குப்பாயம் என்பது சிரியன் கிறிஸ்தவப் பெண்கள் அணிந்த தளர்ந்த சட்டை. மிஷன் பள்ளிகளில் போதகர்களின் மனைவிமார் தையலும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்தார்கள். சட்டை தைப்பதும் கூடவே வந்தது.

அந்தப் பெண்கள் கேட்டது வெறும் சட்டை இல்லை. மேல்சாதிப் பெண்களைப் போலத் தோளில் சீலை போடும் உரிமையைக் கேட்டார்கள். குப்பாயத்தைப் போட்டுக்கொண்டு அதன் மேல் தோள்சீலையையும் போட்டார்கள். தமிழில் இதைத் தோள்சீலைப் போராட்டம் என்கிறோம். 1820-களிலும் மறுபடி 1858-59-லும் சந்தைகளில் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. பள்ளிகளும் ஆலயங்களும் எரிந்தன. 1829-இல் ராணி பார்வதி பாயின் அரசு, குப்பாயம் சரி, மேல்சாதியார் போலத் தோள்சீலை கூடாது என்று அறிவித்தது.

சென்னை கவர்னர் சார்ல்ஸ் டிரெவெல்யன் நெருக்கியபின், 1859 ஜூலை 26-இல் மகாராஜாவின் பிரகடனம் வந்தது. சாணார் பெண்கள் எல்லோரும் சட்டை போடலாம்; கடற்கரை முக்குவத்திகளைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம்; வேறெப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம்; உயர்ந்த சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது. நடையைப் பாருங்கள். இதைப் போடலாம், அதையும் போடலாம், அவர்களைப் போல மட்டும் போடாதே. இன்றைய பத்திரிகையின் அழகுப் பக்கமும் பல சமயம் இதே நடையில்தான் பேசுகிறது. அங்கே சாதி வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

அதே 1860-களில், இந்தியாவின் இன்னொரு மூலையில், வசதியான வீட்டில் வேறொரு சிக்கல். சத்யேந்திரநாத் தாகூர் ஐ.சி.எஸ். தேர்வில் வென்ற முதல் இந்தியர். ரவீந்திரநாத்தின் அண்ணன். அவருக்குப் பம்பாய் மாகாணத்தில் வேலை. மனைவி ஞானதானந்தினியை அழைத்துப் போக வேண்டும். கல்கத்தா வீட்டு அந்தப்புரத்தில் ஒற்றைத் துணியாகச் சுற்றிய புடவையோடு வெளியே போக முடியாது. பிரெஞ்சுத் தையல் கடையில் ஓர் உடை தைத்தார்கள். மற்றவர் உதவியில்லாமல் அணிய முடியாத உடை அது! ஆண்கள் உட்கார்ந்து பெண்ணுக்கு உடை வடிவமைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பம்பாய் போனதும் ஞானதானந்தினி பார்சிப் பெண்கள் கட்டுவதைக் கவனித்தார். கொசுவம், உள்ளே பாவாடை, மேலே ஜாக்கெட். தனக்கேற்ற மாற்றங்களைச் செய்து, முந்தானையை இடது தோளில் போட்டுக்கொண்டார். கல்கத்தா திரும்பியபின் 'பாமாபோதினி பத்ரிகா' என்ற பெண்கள் இதழில், விரும்புகிறவர்களுக்கு இந்த முறையைக் கற்றுத் தருகிறேன் என்று விளம்பரம் கொடுத்தார். நான் முதலில் சொன்ன விளம்பரம் இதுதான். நான் அறிந்தவரை நம் நாட்டில் ஒரு பெண் பத்திரிகை வழியாகப் பெண்களுக்குச் சொன்ன முதல் உடை யோசனைகளில் இதுவும் ஒன்று. பிரம்மசமாஜத்துப் பெண்கள் எடுத்துக்கொண்டதால் இதற்குப் பிராம்மிகா புடவை என்று பெயர். தமிழ்நாட்டுக்கு இது மட்டுமே வழி என்று சொல்லவில்லை. ஆந்திரப் பக்கத்து நிவி முறையும் இதற்கு நெருங்கிய உறவு. ஆனால் பாவாடை, ஜாக்கெட், இடது தோள் மூன்றும் சேர்ந்து படித்த பெண்ணின் பொது உடை ஆனது இந்தக் காலத்தில்தான். ஜாக்கெட் என்ற சொல் ஆங்கிலத்திலிருந்து வந்து இன்னமும் நம் வாயில் இருக்கிறதே, அது ஒன்று போதாதா?

இனி கடல் கடக்கலாம். ஆனந்தி கோபால் ஜோஷி மராட்டியப் பெண். 1865-இல் பிறந்தவர். மருத்துவம் படிக்க அமெரிக்கா வர விரும்பினார். அவரைப் பற்றி ஒரு மிஷனரி இதழில் வந்த கடிதங்களை, நியூ ஜெர்சி ரோசெல் ஊரைச் சேர்ந்த தியோடிஷியா கார்ப்பென்டர் பல் டாக்டரிடம் காத்திருந்தபோது படித்தார். அப்படித் தொடங்கியது அவர்களின் உறவு. புறப்படுமுன், 1883 பிப்ரவரியில் செராம்பூர் கல்லூரி மண்டபத்தில் ஆனந்தி பேசினார். இந்துவாகவே போவேன், இந்துவாகவே திரும்பி வருவேன், உணவையும் உடையையும் மாற்ற மாட்டேன் என்று ஊருக்கு வாக்குக் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 17. கோட்டும் காலணியும் அணிந்து சீமைக்குப் போன எத்தனை ஆண்களிடம் இப்படி ஒரு வாக்கை நாம் கேட்டோம்?

ஃபிலடெல்ஃபியாவில் குளிர்காலம் வந்தது. மராட்டியப் புடவை நம் மடிசார் போலவே ஒன்பது கெஜம், நம் கணக்கில் பதினெட்டு முழம். கச்சம் வைத்துக் கட்டினால் கெண்டைக்கால் வெளியே தெரியும். பூனாவில் அது பிரச்சினை இல்லை, பனியில் பிரச்சினை. கவுன் போட்டுக்கொள் என்பது இந்த ஊர் யோசனை. எதையும் மாற்றாதே என்பது அந்த ஊர் யோசனை. ஆனந்தி இரண்டையும் கேட்கவில்லை. உள்ளே பாவாடை வைத்து, கணுக்கால் வரை இறங்கும் குஜராத்தி முறைக்கு மாறினார். பதிலைத் தன் நாட்டுக்குள்ளேயே தேடி எடுத்தார். 1885 அக்டோபரில் எடுத்த புகழ்பெற்ற புகைப்படம் இருக்கிறது: புடவையில் ஆனந்தி, கிமோனோவில் ஜப்பானின் கெய் ஒகாமி, சிரிய உடையில் சபாத் இஸ்லாம்பூலி. 1886 மார்ச்சில் ஆனந்தி பட்டம் பெற்றார். அடுத்த பிப்ரவரியில் காசநோயால் பூனாவில் இறந்தார். வயது 22 நிறையவில்லை. குளிரும் சரியான கணப்பு இல்லாத அறையும் அவர் உடம்பைக் கெடுத்தன என்று எழுதியிருக்கிறார்கள். கெண்டைக்கால் விஷயம் சில்லறை விஷயம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு கிளைக்கதை. நம் வீட்டுப் பெண்கள் முந்தானையில் குத்தும் ஊக்கு எங்கே பிறந்தது தெரியுமா? நியூயார்க்கில். வால்டர் ஹன்ட் என்பவர் 15 டாலர் கடனை அடைக்க ஒரு கம்பித் துண்டை வளைத்துக்கொண்டே யோசித்து, 1849-இல் காப்புரிமை பெற்று, 400 டாலருக்கு விற்றுவிட்டார். புடவை அமெரிக்காவுக்கு வருமுன்பே அமெரிக்கா புடவைக்குள் வரத் தொடங்கியிருந்தது.

இப்போது நம் வளைகுடாப் பகுதி. 1915 செப்டம்பரில் பஞ்சாபில் பிறந்த கலா பாகை என்ற இளம்பெண் கணவர் வைஷ்ணோ தாஸ் பாகையோடும் மூன்று மகன்களோடும் சான் ஃபிரான்சிஸ்கோவில் இறங்கினார். உள்ளூர் நாளேடு அவரை எப்படி வரவேற்றது? மூக்கு வைரம் இந்தியாவிலிருந்து வந்திறங்கிய புதுப் ஃபேஷன் என்று தலைப்பு. பிறந்த ஊரில் எல்லாப் பெண்ணுக்கும் இருந்த மூக்குத்தி இங்கே நாகரிகப் பக்கத்துச் செய்தி. கொஞ்ச காலம் கழித்து அவர்கள் பெர்க்கிலியில் வீடு வாங்கிக் குடிபோகச் சென்றார்கள். அக்கம்பக்கத்தார் அந்த வீட்டைப் பூட்டிவிட்டார்கள். மூக்குத்தியை ரசித்த ஊர்தான், அதை அணிந்தவர் பக்கத்து வீட்டில் இருப்பதைச் சகிக்கவில்லை.

வைஷ்ணோ தாஸ் கோட்டு, டை என்று முழு அமெரிக்கராகவே வாழ்ந்தார். சான் ஃபிரான்சிஸ்கோவில் கடை வைத்தார், 1921-இல் குடியுரிமை பெற்றார். 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர்கள் குடியுரிமைக்குத் தகுதியான வெள்ளையர் இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; கொடுத்த குடியுரிமையைப் பறித்தார்கள். 1928-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். கோட்டு அவரைக் காப்பாற்றவில்லை. கலா மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, 1983 வரை வாழ்ந்தார். பெர்க்கிலி நகர மன்றம் 2020-இல் ஒரு தெருவுக்கு அவர் பெயரை வைக்க முடிவு செய்தது. நம் டப்ளின்/பிளசன்டன் நிலையத்தில் பார்ட் ஏறி, பே ஃபேரில் வண்டி மாறினால், டவுன்டவுன் பெர்க்கிலி நிலையத்துக்குப் பக்கத்திலேயே அந்தத் தெரு.

கலா இங்கே வந்த சில ஆண்டுகளில், தமிழ்நாட்டில் யோசனை தேசத்தின் பெயரால் வந்தது. 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி தன் உடையை இடுப்புத் துணியாகக் குறைத்தார். அவராக எடுத்த முடிவு. பெண்களுக்குக் கதர் என்றால் கணக்கே வேறு. முரட்டு நூலில் பதினெட்டு முழத்தைக் கட்டி நடப்பதும் துவைத்துப் பிழிவதும் எவ்வளவு பாரம் என்று பிழிந்தவர்களுக்குத்தான் தெரியும். 'ஜகன்மோகினி' ஆசிரியர் வை.மு. கோதைநாயகி பட்டையும் நகையையும் விட்டுக் கதருக்கு மாறினார். ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கதர் கட்டிக்கொண்டு கள்ளுக்கடை மறியலில் நின்றார்கள். பின்னாளில் பெரியார் வேறு யோசனை சொன்னார்: தலைமுடியைக் கிராப்பாக வெட்டுங்கள், சட்டையும் லுங்கியும் போடுங்கள், நகையை விடுங்கள். இந்த வரிசையில் பெண்ணின் நேரத்தையும் வசதியையும் முதல் காரணமாக வைத்தவர் அவர்தான் என்பது என் கருத்து. அதைக் கேட்டு முடி வெட்டிக்கொண்டவர்கள் மிகச் சிலர். ஆனால் இன்று நம் அலுவலகங்களில் சட்டையும் கால்சட்டையுமாகப் போகிற பேத்திகளைப் பார்த்தால் அவர் தோற்றுவிட்டார் என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த பகுதி கொஞ்சம் கனமானது. 1987, நியூ ஜெர்சி. ஜெர்சி சிட்டியில் ஒரு கும்பல் தனக்கு 'டாட்பஸ்டர்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டது. பொட்டை ஒழிப்பவர்கள் என்று பொருள். இந்தியர்களை ஊரைவிட்டு விரட்டுவோம், தெருவில் கண்டால் ஆணோ பெண்ணோ அடிப்போம் என்று மிரட்டி உள்ளூர் நாளேட்டுக்குக் கடிதம் எழுதியது. அந்தச் செப்டம்பர் இறுதியில் பக்கத்து ஹோபோக்கனில் நவ்ரோஸ் மோடி என்ற இளைஞரைச் சிலர் அடித்தார்கள். சில நாளில் அவர் இறந்தார். அவர் பார்சி, ஆண். வாழ்நாளில் பொட்டு வைத்திருக்க மாட்டார்.

அந்த நாட்களில் ஒருவருக்கொருவர் சொன்ன யோசனை: பொட்டு வேண்டாம், புடவையோடு பஸ்ஸில் ஏறாதே. அன்போடு சொன்னதுதான், உயிரைக் காக்கச் சொன்னதுதான். இருந்தாலும் அடித்தவனைத் திருத்தாமல் அடிபடக்கூடியவளின் நெற்றியைத் திருத்தச் சொன்ன யோசனை அது. தொண்ணூறுகளில் இங்கே வந்த என் தோழிகள் பலருக்கு ஊரிலிருந்தே இந்தப் புத்திமதி பெட்டியோடு வந்தது. அவர்களும் பொறுக்கித்தான் எடுத்தார்கள். அலுவலகத்துக்கு ஸ்டிக்கர் பொட்டு சுருங்கிச் சுருங்கிக் கடுகளவு ஆனது. வார இறுதியில் லிவர்மோர் கோயிலுக்குப் போகும்போது பழைய அளவுக்கு வந்தது. நடுவே சுடிதார் நுழைந்தது. கலா பாகையின் பஞ்சாபிலிருந்து வந்த உடை, கும்பகோணத்துப் பெண்ணுக்குக் கலிஃபோர்னியாவில் 'நம்ம டிரஸ்' ஆகிவிட்டது.

இப்போது நம் பெண்கள் பட்டமளிப்புக்கும் தீபாவளிக்கும் புடவை கட்டுகிறார்கள். பெல்ட் போட்டு, கீழே ஷூ போட்டு, சிலர் சட்டைக்கு மேலேயே சுற்றி, சிலர் கொசுவம் தைத்து வைத்ததை ஜிப் போட்டு மாட்டி. 'இதெல்லாம் புடவை கட்டுற அழகா?' என்று கேட்கும் அம்மாக்கள் இங்கேயும் இருப்பார்கள். அந்த அம்மா அணிந்திருக்கும் ஜாக்கெட்டும் பாவாடையும் இடது தோள் முந்தானையும் ஒரு காலத்தில் யாரோ ஒரு மாமியாரை முகம் சுளிக்க வைத்தவைதான். குத்தியிருக்கும் ஊக்கு நியூயார்க் சரக்கு. தோளை மூடும் உரிமைக்காகக் குமரிச் சந்தையில் துணி கிழிபட்டு நின்ற பெண்களுக்கு, தோள் தெரிய ஜாக்கெட் தைத்துக்கொள்ளும் கொள்ளுப்பேத்தியைப் பற்றி என்ன தோன்றும் என்று யோசித்திருக்கிறேன். எப்படி உடுத்துவது என்று அவர்களும் தாங்களேதான் முடிவு செய்ய நினைத்தார்கள்.

நேரலையில் மடிசாரைப் பற்றி மூன்று கேள்விகள் வந்திருப்பதாக நண்பர் சைகை காட்டுகிறார். அவற்றிலிருந்தே தொடங்கலாம்.