குப்பிக்குள் ஒரு மர்மம் – 3: கோட்டில் முளைத்த முகடு

டயாலிசிஸ் அறையில் துணைக்கு உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். கையிலிருந்து கிளம்பும் சிவந்த குழாய் இயந்திரத்துக்குப் போய், ரத்தம் வடிகட்டப்பட்டு, இன்னொரு குழாய் வழியே உடம்புக்குத் திரும்பும். அந்த வழியில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் காப்பது ஹெப்பாரின் ஊசி. பன்றிக்குடலின் உட்சவ்விலிருந்து பிரித்தெடுக்கிற மருந்து அது.

2007 நவம்பர். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் குழந்தைகள் மருத்துவமனை. டயாலிசிஸ் ஆரம்பித்த சில நிமிடங்களில் ஒரு குழந்தைக்கு இமைகள் வீங்கின, நெஞ்சு படபடத்தது, ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கியது. இன்னொரு குழந்தைக்கும் அப்படியே. இயந்திரமா, குழாயா, வடிகட்டியா, எதில் கோளாறு? தேடிக்கொண்டிருக்கும்போதே ஜனவரியில் அதே பாதிப்பு மறுபடியும் வந்தது. தற்செயல் என்று அந்த மருத்துவர்கள் விட்டிருந்தால் இந்தக் கதையே வெளிவந்திருக்காது.

2008 ஜனவரி 7. மாநில சுகாதாரத் துறை மூலம் தகவல் நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.க்குப் போனது. மையம் மற்ற ஊர்களில் விசாரிக்க, அங்கேயும் இதே அறிகுறிகள். எல்லா இடத்துக்கும் பொதுவாக இருந்தது பேக்ஸ்டர் நிறுவனத்தின் ஹெப்பாரின் குப்பி. ஜனவரி 17 அன்று 9 பேட்ச்களை நிறுவனம் திரும்பப் பெற்றது.

முடிந்ததா என்றால், இல்லை. பிப்ரவரி 11 அன்று மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சொன்ன கணக்கு: சுமார் 350 பேருக்குப் பாதிப்பு, 4 மரணம். நிறுவனம் அந்தக் குப்பிகளின் உற்பத்தியை நிறுத்தியது. ஆனால் மருத்துவமனை அலமாரிகளில் ஏற்கெனவே இருந்தவை அங்கேயே இருந்தன. அப்போது அமெரிக்காவின் ஹெப்பாரினில் ஏறக்குறைய பாதி பேக்ஸ்டருடையதாக இருந்தது. மொத்தத்தையும் ஒரே நாளில் எடுத்துவிட்டால் டயாலிசிஸ் நோயாளிக்கும் இதய அறுவைக்குக் காத்திருப்பவருக்கும் என்ன கதி? கொடுத்தாலும் உயிருக்கு ஆபத்து, கொடுக்காவிட்டாலும் ஆபத்து. முடிந்தவரை குறைந்த அளவில், மெதுவாக ஏற்றுங்கள் என்று மருத்துவர்களுக்கு அறிவுரை போனது. சந்தேகமுள்ள குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஊசியில் மருந்தை உறிஞ்சிய செவிலியரின் மனநிலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. மற்றொரு நிறுவனத்தின் மருந்து போதுமான அளவு கிடைக்கும் என்று உறுதியான பிறகுதான், பிப்ரவரி கடைசியில், எஞ்சிய குப்பிகளும் திரும்பின.

இதைவிடப் பெரிய அதிர்ச்சி ஆய்வகத்தில் காத்திருந்தது. திரும்பி வந்த மருந்தை வழக்கமான சோதனைகளுக்கு உட்படுத்தினார்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கிறதா? தடுக்கிறது. எல்லாவற்றிலும் தேர்ச்சி!

அடுத்து என்.எம்.ஆர். கருவி. மூலக்கூறின் அமைப்பை மேடும் பள்ளமுமான கோடாக வரைந்து காட்டுவது அது. அந்தக் கோட்டின் அளவுகோலில் 2.05 என்ற இடத்துக்குப் பக்கத்தில் ஹெப்பாரினுக்கு ஒரு முகடு உண்டு. அது இருந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி, 2.15-ஐ ஒட்டி, இருக்கவே கூடாத இன்னொரு முகடு! மார்ச் 5 அன்று எஃப்.டி.ஏ. அறிவித்தது: சில மாதிரிகளில் 5 முதல் 20 சதவீதம் வரை, ஹெப்பாரின் போலவே தோன்றும் வேறு ஏதோ இருக்கிறது.

அது என்ன? அதைக் கண்டுபிடிக்க எம்.ஐ.டி.யின் ராம் சசிசேகரனை நாடினார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1963-இல், புரதங்களின் அமைப்பை ஆராய உதவும் ராமச்சந்திரன் வரைபடத்தைத் தந்த மூவரில் ஒருவரான வி. சசிசேகரனின் மகன். ராமும் மற்ற ஆய்வாளர்களும் அந்த முகட்டுக்குச் சொந்தக்காரனை அடையாளம் கண்டபோது ஒன்று தெளிவாயிற்று. எந்தப் பன்றியின் குடலிலும் அந்தப் பொருள் கிடையாது.

(தொடரும்)