பத்து நிமிஷம் பஸ் நிக்கிற ஊரும் ஒரு மண்டையோடும்

விழுப்புரம்னு சொன்னா ஆபீஸ்ல எல்லாரும் ஒரே கேள்விதான் கேப்பாங்க. "அங்கதானே பஸ் பத்து நிமிஷம் நிக்கும்?" திண்டிவனத்துல பொறந்து வளர்ந்தவனுக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க மக்களே!

அதனாலதான் காலேஜ் படிக்கும்போது ஓடைக் குழந்தையைப் பத்திப் படிச்சதும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன். 2001-ல், நம்ம மாவட்டத்துல பொம்மையார்பாளையம் பக்கத்துல ஓடைங்கிற இடத்துல, கேரளப் பல்கலைக்கழகத்து ராஜேந்திரன் செம்புறாங்கல் பாறைக்குள்ள ஒரு குழந்தையோட மண்டையோட்டைக் கண்டெடுத்ததா அறிவிச்சார். வயசு? சுமார் 1,66,000 வருஷம்!

இது சாதாரண எண் இல்லை. இன்னைக்கு ஆப்பிரிக்காவுக்கு வெளியே இருக்கறவங்களோட முன்னோர்ல பெரும்பாலானவங்க சுமார் 60,000 - 70,000 வருஷம் முன்னாடி அங்கிருந்து கிளம்பினவங்கன்னு மரபணு ஆய்வு சொல்லுது. அப்போ ஓடைக் குழந்தை யாரு? நம்ம இனமா, அதுக்கு முன்னாடி இருந்த வேற மனித இனமா?

ஆனா இந்தியாவோட பழைய மனித எலும்புன்னா இன்னைக்கும் நர்மதைக் கரை ஹத்னோராவைத்தான் சொல்றாங்க. 1982-ல் அருண் சொனாக்கியா கண்டெடுத்த மண்டையோடு அது. ஓடை அந்த வரிசையில இன்னும் உறுதியா உக்காரலை. முதல்ல எனக்குக் கோவம்தான் வந்துச்சு. 'தெற்குன்னா இளப்பமா?'

கோவம் தணிஞ்சது அமெரிக்கக் கதையைப் படிச்சப்புறம். அங்கே மனுஷன் வந்தது சுமார் 13,000 வருஷம் முன்னாடின்னு ரொம்ப காலம் நம்பிட்டிருந்தாங்க. 2021-ல், நியூ மெக்சிகோவோட ஒயிட் சாண்ட்ஸ்ல கிடைச்ச காலடித் தடங்களுக்கு 21,000 - 23,000 வருஷம்னு சொன்னாங்க. உடனே சண்டை. தேதி வந்தது தண்ணிச் செடியோட விதையிலேருந்து. அந்தச் செடி தண்ணியில கரைஞ்ச பழைய கார்பனை உறிஞ்சும், வயசைக் கூட்டிக் காட்டும்னு எதிர்த்தாங்க. நியாயமான கேள்வி! அந்தக் குழு கோவிச்சுக்கலை. நிலத்து மரங்களோட மகரந்தத்தை எடுத்து அளந்தாங்க. மண்ணுல இருக்கற குவார்ட்ஸ் துகள் கடைசியா எப்போ வெயில் பார்த்துச்சுன்னும் அளந்தாங்க. 2023-ல் மூணும் ஒரே காலத்தைச் சொல்லுச்சு.

நம்ம பொழப்புலயும் இதேதான். ஒரே ஒரு சர்வரோட கடிகாரத்தை நம்பி பக் தேடிப் போனா ராத்திரி பூரா முழிச்சிருக்க வேண்டியதுதான். மூணு மெஷின் ஒரே நேரம் காட்டணும்.

திருவள்ளூர் மாவட்டம் அதிரம்பாக்கத்தைப் பாருங்க. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கல் கருவிகளைப் பார்த்த ஊர். சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழு அங்கே வருஷக்கணக்கா தோண்டி, மண்ணோட காந்தத் திசை ஒரு பக்கம், காஸ்மிக் கதிர் அளவு இன்னொரு பக்கம்னு ரெண்டு வழியில சரிபார்த்து, 2011-ல் சுமார் 15 லட்சம் வருஷம்னு சொன்னாங்க. உலகம் கேட்டுச்சு. ஆனா அங்கே கருவிதான் உண்டு, மனித எலும்பு இல்லை. நம்ம ஓடையில மண்டையோடு உண்டு, சாட்சி பத்தலை. அந்தத் தேதி பாறைக்கா, குழந்தைக்கா? முதல்ல தீர வேண்டியது அதுதான்.

'நாமதான் மூத்தவங்க'ன்னு சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனா சரிபார்க்காத எண்ணை வச்சு ஜெயிக்க வேண்டாம். ஓடையில மறுபடி தோண்டி, வேற வேற முறையில அளக்கட்டும். வயசு குறைஞ்சு வந்தாலும் அது எங்க ஊர்க் குழந்தைதான்.

அடுத்த தடவை விழுப்புரத்துல பஸ் நின்னா, டீ குடிச்சிக்கிட்டே கிழக்கே ஒரு தடவை பாருங்க :-)